மூவாயிரத்து அறுநூறு காக்கா

வலது கண்ணில் விழுந்த சொட்டு மூக்குக்குப் பின்னால் இறங்கித் தொண்டையில் கசக்க எவ்வளவு நேரமாகும் என்று கோகிலவாணி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டில் கசந்தது. கண்ணிலிருந்து நாக்குக்கு இப்படி ஒரு கள்ளவழி இருப்பதைப் பள்ளிக்கூடத்துக் கண் படத்தில் யாரும் காட்டவில்லை. விழித்திரை, விழிவெண்படலம் என்று அம்புக்குறி போட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்தான் அவளும். வழியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து வருஷ ஆராய்ச்சி தேவைப்பட்டது, அந்த ஐந்து வருஷத்தைப் பற்றித்தான் இப்போது பேசியாக வேண்டும், பேசத்தான் வாய் வரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரவுண்டு, மொத்தம் நாலு ரவுண்டு, கண்மணி நன்றாக விரிந்ததும் உள்ளே கூப்பிடுவோம் என்று சிஸ்டர் பிரிசில்லா சொல்லியிருந்தாள். முதல் ரவுண்டு முடிந்தாயிற்று. நாலாவது ரவுண்டில் துணைக்கு வந்தவரைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போனதும் எந்த மருந்தை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அப்போது அவள் புருஷன் வெள்ளிங்கிரி மருந்துப் பெட்டியைக் கையில் வாங்குவான். வாங்கினால் படிப்பான். அவன் எதைக் கையில் வாங்கினாலும் படிப்பான். ஆகவே அதற்குள் சொல்லிவிட வேண்டும், முப்பது நிமிஷம் இருக்கிறது, முப்பது நிமிஷத்தில் ஒரு மனுஷனிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவளைப் பெண்பார்க்க வந்தபோது அவன் மொத்தமே பதினோரு நிமிஷம்தான் பேசினான், அதற்கு இப்போது பதிமூன்று வருஷக் குடித்தனமும் ஆறாவது படிக்கிற ஒரு மகளும் ஆகிவிட்டது.

"கதவச் சாத்துங்க சார், ஏசியெல்லாம் வெளிய போகுது" என்று பிரிசில்லா குரல் கொடுத்தாள். சார் என்றது வெள்ளிங்கிரியை. தண்ணீர் பாட்டில் நிரப்பப் போனவன் அந்தத் தள்ளுகதவை ஒரு சாண் திறந்தே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். அடியில் தண்டவாளம் வைத்து ஓடுகிற, தானாகச் சாத்திக்கொள்ளாத பழைய கதவு. ஒரு வார்டு அம்மா போய் இழுத்துச் சாத்தினாள். அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அடுத்தவர் குழந்தையை வாங்கி வைத்திருப்பவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். எதிர்ச் சுவரில் 'கண்புரை: முதுமையில் எல்லோருக்கும் வருவது' என்று ஒரு படம், அதில் தாடி வைத்த ஒரு தாத்தா விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த வாக்கியத்துக்குக் கீழே ஒரு அடிக்குறிப்பு போட வேண்டுமென்று கோகிலவாணிக்கு வந்த நாள்முதலாகக் கை அரிக்கிறது. முதுமையில் எல்லோருக்கும், முப்பத்தேழில் கோகிலவாணிக்கும். பதிவு பண்ணும் இடத்தில் அவள் வயதைச் சொன்னதும் அந்தப் பெண் எழுபத்து மூன்று என்று அடித்துவிட்டாள்; பிசகு என்று சொல்ல முடியாது, அந்த வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதுதான் வயது, விரல் பழக்கத்தில் போய்விட்டது. திருத்தச் சொன்னபோது அந்தப் பெண் தலையை நிமிர்த்தி ஒரு முழுப் பார்வை பார்த்தாள், பிறகு தணிந்த குரலில் "சாரிக்கா" என்றாள். பிரிசில்லாவும் அப்படித்தான், பச்சை அங்கியும் பச்சைக் குல்லாவும் போட்டு உட்காரவைத்த பதினாலு பேரையும் ஒரே மாதிரி, "கண்ண மூடிக்கங்க பாட்டி, தாத்தா தொறக்கக் கூடாது" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கோகிலவாணியையும் பாட்டி ஆக்கிவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சாது, பரவாயில்லை என்று இவளும் சிரித்தாள். பக்கத்து நாற்காலியில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த ராக்கியப்பன் என்று ஒரு பெரியவர், வந்ததிலிருந்து பேச ஆள் தேடிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் அந்தச் சிரிப்புக் கேட்டுத் திரும்பினார், அவள் குல்லா அவர் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. "யாருக்குத் தொணைக்கு வந்திருக்கறே அம்முணி?" "நாந்தானுங்க பேஷண்ட்டு." "அடக் கெரகமே. கண்ணுல ஏதாச்சும் அடிபட்டுதா?" "இல்லீங்க." "சக்கரை?" "அதுவும் இல்லீங்க." "அப்பொறம் எப்பிடி?" கோகிலவாணி புருஷன் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்க வம்சத்துல இருக்குதுங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் பை ஒருமுறை சரசரத்தது.

வம்சம் என்பது மூன்று வாரத்துக்கு முந்தைய பொய். உண்மையான வம்சத்தில் எல்லோருக்கும் எண்பது வயதுவரை ஊசியில் நூல் கோர்க்கிற கண். அவள் வேலையே கண்ணால்தான்: திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு பார்க்கிறவள். வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அளவு துணி ஒன்றை அனுப்புவான், இந்த நிறம்தான் வேண்டும் என்பான்; இவர்கள் சாயம் கலந்து முக்கியெடுத்த துணியை அதன் பக்கத்தில் வைத்து, லைட் பாக்ஸ் என்கிற சாம்பல்நிறப் பெட்டிக்குள் விதவிதமான விளக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துப்போகிறது, போகவில்லை, ஒரு சிட்டிகை சிவப்பு கூட, என்று சொல்ல வேண்டும். மிஷின் ஒன்றும் உண்டு, எண் காட்டும், எண் சரி என்று சொன்ன பிறகும் "வாணிக்கா பாத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மொத்தத் துணியையும் சாயத்தில் இறக்குவார்கள். வெள்ளையிலேயே பதினேழு வெள்ளை அவளுக்குத் தெரியும், வெள்ளைச்சட்டை போட்டவர்களை அவள் அந்தப் பதினேழில் ஒன்றாகத்தான் பார்ப்பாள், கல்யாணத்தன்று வெள்ளிங்கிரி கட்டியிருந்தது நீலம் கொஞ்சம் தூக்கலான வெள்ளை, பதினொன்றாவது. பஞ்சுத் தூசு பறக்கிற ஊர். அங்கே கண் அரிக்காதவர்கள் இல்லை. கசக்கிக் கசக்கிச் சிவந்துபோய் அவள் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் வெள்ளிங்கிரி மருந்துக்கடைக்குப் போய் ஒரு குட்டி பாட்டில் வாங்கிவந்தான், அது விழுந்த கால்மணி நேரத்தில் கண் பன்னீர் தெளித்தது மாதிரி ஆகிவிட்டது. தீர்ந்ததும் அரித்தது, இன்னொன்று வாங்கிவந்தான். அவளுக்குச் சொந்தக் கையால் சொட்டு விட வராது, பாட்டில் மூக்கு கண்ணுக்கு நேரே வந்ததும் இமை ஷட்டர் மாதிரி இறங்கிவிடும். ஆகவே அவன்தான் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்து கைகால் கழுவியதும் ஒரு தடவை. ஒரு விரலால் கீழிமையை இறக்கிக்கொண்டு, "மேல பாரு, காக்கா போகுது" என்பான். "எங்கீங்க?" என்று அவள் ஓட்டில், விட்டத்தில், காற்றாடியில் தேடுவாள், அந்த இடைவெளியில் சொட்டு விழுந்திருக்கும். குழந்தைக்குச் சொல்கிற வித்தை. மகள் நிரஞ்சனா இரண்டு வயதிலேயே நம்புவதை நிறுத்திவிட்டாள், அம்மா நிறுத்தவில்லை. நாளைக்கு இரண்டு காக்கா, ஐந்து வருஷம், அவள் தாய்வீட்டுக்குப் போன நாட்களைக் கழித்தால் ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு காக்கா. இவ்வளவு காக்கா ஒரு பெண்ணின் கண்ணுக்குமேல் பறந்தால் நிழல் விழத்தான் செய்யும் என்று ஒருதரம் வேடிக்கையாக நினைத்துக்கொண்டாள், நினைத்த உடனே வேடிக்கை போய்விட்டது, ஏனென்றால் நடந்தது அதேதான்.

நிழல் முதலில் வெயிலில் வந்தது. எல்லோருக்கும் இருட்டில் தெரியாது, அவளுக்கு வெளிச்சத்தில் தெரியவில்லை. நடுப்பகலில் அவிநாசி ரோட்டில் எதிரே வருகிறவர்கள் பால் ஊற்றிக் கழுவிய மாதிரி வந்தார்கள், மேகம் மூடினால் கண் திறந்தது. எதிரில் வரும் வண்டியின் விளக்கு ஒன்று ஏழாகச் சிதறியது. லைட் பாக்ஸில் பகல் விளக்கைப் போட்டதும் துணி மறைந்து விளக்கு மட்டும் மிஞ்சியது, அவள் யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையைக் குல்லா மாதிரி நெற்றியில் கட்டிக்கொண்டு பார்த்தாள், தலைவலி என்றாள். ஒருநாள் ஒரு குழந்தைச் சட்டைத் துணிக்கு, எலுமிச்சையும் இல்லாமல் வெண்ணெயும் இல்லாமல் நடுவில் ஒரு நிறம், சரி என்று சொல்லிவிட்டாள். லேப் மேனேஜர் துணியைத் திருப்பிக் கொண்டுவந்து, திட்டவில்லை, "வாணி, கண்ணக் காட்டிட்டு வாம்மா" என்றார். திட்டியிருக்கலாம். காட்டப் போனது இதே ஆஸ்பத்திரி, அன்று வெள்ளிங்கிரி பைக்குக்கு இடம் தேடிக் கீழே சுற்றிக்கொண்டிருந்தான், அந்த ஏழெட்டு நிமிஷம் மட்டும் அவன் கூட இல்லை. டாக்டரம்மா கருவியில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே, "கண்ணுக்கு ஏதாவது டிராப்ஸ் ரொம்ப நாளாப் போட்டீங்களா?" என்றாள். பார்க்காமலே கேட்டமாதிரி இருந்தது. கோகிலவாணி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். "யார் எழுதிக்கொடுத்தது?" "கடையில தந்ததுங்க." டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பி, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. பத்து நாள் போட்டா மருந்து, வருஷக்கணக்கில போட்டா லென்ஸ் பின்பக்கத்துல இப்படித்தான் புரை படரும். நல்லவேளை, உள் அழுத்தம் ஏறல, ஏறியிருந்தா போன பார்வை திரும்பாது. இது திரும்பும்" என்றாள். திரும்பும் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அதை நிறுத்திட்டாப் போதுங்களா?" என்று கேட்டாள். "நிறுத்தணும், ஆனா படர்ந்தது போகாது. லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும். கால் மணி நேரம். அதுக்கப்புறம் நாங்களும் ஸ்டீராய்டு டிராப்ஸ்தான் தருவோம், பயந்துக்காதீங்க, அளவோட, ஆறே வாரம், குறைச்சுக் குறைச்சு." திருடனையே காவலுக்கு வைக்கிற ஏற்பாடு என்று கோகிலவாணி யோசித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு வெள்ளிங்கிரி, ஹெல்மெட்டோடு, வேர்த்துப்போய், "என்னுங்க டாக்டர், பயமில்லீங்களே?" என்றபடி வந்தான்.

"தாத்தா, பாட்டி, ரெண்டாவது ரவுண்டு, எல்லாரும் மேல பாருங்க." பிரிசில்லாவின் சொட்டில் காக்கா கிடையாது. விரல் பனிக்கட்டி, சொட்டு நேர்த்தி, தொழில்காரி. கசப்பு இந்தத் தடவை முப்பத்தொன்பதிலேயே வந்தது. இப்போது சொல்லிவிடலாம். மாமா, ஒரு சங்கதி. இல்லை, மாமா என்று ஆரம்பித்தாலே முகம் பார்ப்பான். பேச்சோடு பேச்சாக, அந்த மருந்து இருக்குதுங்களே, அதை ஒரேயடியா நிறுத்தச் சொல்லிட்டாங்க, என்று, ஏன் என்பான். அவன் ஏன் என்று கேட்பது ஒரு தடவையோடு நிற்காது. "மாமா" என்றாள். "என்ன புள்ள, தண்ணி வேணுமா?" "இல்லீங்க, அந்த..." என்றபோது ராக்கியப்பன் குறுக்கே வந்து, "ஏனுங், லென்ஸு வெக்கறாங்களே, அது கண்ணு கசக்கனா உளுந்துருமா?" என்று கேட்டார். வெள்ளிங்கிரி அதற்குப் பொறுமையாக, உள்ளே இருக்கிற பை அப்படியே இருக்கும், உள்ளிருக்கும் லென்ஸை மட்டும் உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸை அந்தப் பைக்குள் விட்டால் அது தானாக விரிந்து உட்கார்ந்துகொள்ளும், தலையணைக்கு உறை மாற்றாமல் பஞ்சு மட்டும் மாற்றுகிற மாதிரி, என்று விளக்கினான். எங்கே படித்தான் இவ்வளவு? அவள் திகைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகமாக இருக்கும், அவன்தான் எதையும் படிப்பானே.

அவன் வேலையே அதுதான். பனியனுக்குள் பிடரியிலும் பக்கவாட்டிலும் உறுத்துமே ஒரு துணிச்சீட்டு, நாற்பது டிகிரி தண்ணீரில் துவைக்கவும், வெளுப்பான் போடக்கூடாது, நிழலில் உலர்த்தவும் என்று பதினாலு பாஷையில், அதை சாட்டின் நாடாவில் அச்சடிக்கிற யூனிட்டில் அவன் சூப்பர்வைசர். உலகத்திலேயே யாரும் படிக்காத எழுத்தை நாளெல்லாம் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வைத்துப் படிக்கிறவன். பழக்கதோஷத்தில் பிஸ்கட் உறை, பல்பு அட்டை, கொசுவர்த்திப் பெட்டி ஒன்றையும் விடமாட்டான். அப்படிப்பட்டவன் ஐந்து வருஷம் அந்தக் குட்டி பாட்டிலை மட்டும் படிக்கவில்லை. மருந்து என்று நம்பினான், அவள் கண் தெளிவதையே பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான் நடந்தது. இது அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது கோகிலவாணிக்குத் தெரியும், ஏனென்றால் கதவு விஷயம் நடந்திருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் வேன் கதவை அவன் அடித்துச் சாத்தினபோது அவள் சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து விழுந்து இரண்டு மாதத்தில் புது நகம் முளைத்துவிட்டது, அவள் மறந்தே போனாள். அவன் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, கதவு சாத்துவதை மட்டும் நிறுத்திவிட்டான். எந்தக் கதவையும். வாசல் கதவு, பீரோ, கக்கூஸ் முதற்கொண்டு ஒரு சாண் திறந்தே கிடக்கும். மூன்று மாதம் வீடெல்லாம் கொசு, தெருநாய் ஒன்று சமையலறைவரை வந்து போயிற்று. ஒரு விரலுக்கு மூன்று மாதக் கதவு என்றால் இரண்டு கண்ணுக்கு எத்தனை வருஷம், இனி எதைத்தான் தொடுவான், நாளைக்கு வீட்டுக்குப் போனபிறகு இரண்டு மணிக்கொரு தரம் யார் சொட்டு விடுவார்கள்? அவளால் முடியாது. அவன் கை பாட்டிலைத் தொடாது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுத்தான் அன்று பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதே, "வம்சமாம் மாமா, எங்க அப்பா வழியில குருந்தாயின்னு ஒரு சின்னப்பாட்டிக்கு முப்பது வயசுலயே இப்பிடித்தானாம், ஆப்பரேசன் வரைக்கும் கண்ணுல ஒண்ணும் ஊத்தவேண்டாம்னாங்க" என்று சொல்லிவிட்டாள்.

குருந்தாயி என்று யாரும் கிடையாது. எங்கிருந்து வந்தாள் என்றும் தெரியவில்லை, வந்து பைக்கில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்கிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஆனால் வெள்ளிங்கிரி அன்று சோறு உண்ணும்போது, "அவியளுக்கு ஆப்பரேசன் பண்ணுனாங்களா?" என்று கேட்டான். அந்தக் காலத்துல ஏதுங்க, என்றாள். "அப்பறம் எப்பிடிப் பொழச்சாங்க?" ஆடு மேய்த்தாள் என்று சொன்னாள். கண் தெரியாமலா? ஆட்டுக்குக் கழுத்துமணி கட்டியிருந்தாளாம். மறுநாள் கருவேப்பிலை உருவிக்கொண்டிருக்கையில், குருந்தாயிக்கு எத்தனை பிள்ளைகள் என்றான். இரண்டு பையன், ஒருவன் சிறுவலூருக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான். வாரம் தாண்டுவதற்குள் குருந்தாயிக்கு வீடு, கிணறு, பெரிய மருமகளோடு மனஸ்தாபம் எல்லாம் அமைந்துவிட்டன, கோகிலவாணிக்கே அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது, மருமகள் பண்ணினது அநியாயம் என்று தோன்றியது. கொஞ்சம் சந்தேகமும் வந்தது. அவன் ஏன் இத்தனை கேட்கிறான்? பயம் போலிருக்கிறது, மகளுக்கும் வருமோ என்று. அதை நினைத்தபோது மட்டும் பொய் உறுத்தியது. குளிர்பெட்டியில் முட்டைத் தட்டில் பாதி மிச்சமிருந்த அந்தப் பாட்டிலை வீசிவிட வேண்டுமென்று ஒரு வாரம் கழித்துத்தான் போனாள், அது அங்கே இல்லை, சரி, தானே வீசிவிட்டு மறந்திருப்போம் என்று முட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தமட்டில் கண் தெரியாதவளுக்கு ஞாபகமும் போக வேண்டியதுதான் பாக்கி. இந்த மூன்று வாரமாக ராப்பகல் கொசு வேறு. மழைக்காலம்.

மூன்றாவது ரவுண்டு. உலகம் வலதுபக்கம் ஒரேயடியாக விரிந்துவிட்டது, குழல்விளக்கு கூரை முழுக்க வழிந்தது. கிட்டத்தில் இருப்பதெல்லாம் கரைந்தது, கை ரேகை இல்லாத கை. இடது கண்ணும் பாதிதான், அதற்கு ஆப்பரேசன் ஒரு மாதம் கழித்து. பயம் இப்போதுதான் வந்தது, இத்தனை நேரம் குருந்தாயியோடு இருந்ததில் மறந்திருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் ஓர் ஊசிமுனை உள்ளே போகும். லென்ஸ் வெங்காயம் மாதிரி தோல்மேல் தோலாக வளருமாம், நடுவிலிருக்கிற மணி அம்மா வயிற்றிலிருந்தபோதே உண்டானதாம், டாக்டரம்மா சொன்னாள். அப்படியானால் எதுவும் பார்ப்பதற்கு முன்பே வந்து உள்ளே உட்கார்ந்துகொண்ட ஒரு பருப்பு, அம்மாவின் முகம் அதன் வழியாக வந்தது, பதினொன்றாவது வெள்ளை வந்தது, நிரஞ்சனா பிறந்ததும் பீட்ரூட் நிறத்தில் கத்திக்கொண்டு வந்தது, மூவாயிரத்து அறுநூறு தடவை கிட்டத்தில் குனிந்த ஒரு முகம், மூக்குப்பக்கம் ஒரு அம்மைத் தழும்பு, மூச்சை அடக்கி உதட்டைக் குவித்து, தானே விழப்போகிற சொட்டு மாதிரி, அந்த முகம். அதை உடைத்து உறிஞ்சி ஒரு குழாயில் விட்டுவிடுவார்கள். புது லென்ஸ் இதையெல்லாம் பார்த்ததில்லை, அதற்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்ட வேண்டும். அதுவும் தூரத்துக்கு மட்டும். கிட்டத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், முப்பத்தேழில் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஷேடு பார்க்கிற வாணிக்கா, லேபில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "மாமா" என்றாள் மறுபடி. "ம்." "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்." "நானும் உங்கிட்ட ஒண்ணு குடுக்கோணும்" என்றான் அவன், குரல் ஒரு மாதிரி இருந்தது. ராக்கியப்பன் இருவரையும் ஆவலோடு பார்த்தார். அதற்குள் பிரிசில்லா தட்டோடு வந்து நின்றாள்.

"கோகிலவாணி அட்டெண்டர் நீங்கதானே? மருந்து விவரம் சொல்றேன் கவனிங்க சார். இது முதல் பாட்டில், கிருமி வராம இருக்க. இது ரெண்டாவது..." கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி கை மாறுகிற சத்தம் கேட்டது. படிக்கிறான். படிக்கட்டும். இல்லை, படிக்கவில்லை, "நீங்க குடுத்த புத்தகத்தப் பாத்து எழுதியே கொண்டாந்துட்டனுங்க சிஸ்டர்" என்றான். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கோகிலவாணியின் உள்ளங்கையில் வைத்தான். வழுக்கியது, ஒரு முழம் நீளம், ஓரம் சூடு வைத்து வெட்டினது. சாட்டின் நாடா. "படி" என்றான். "கண்ணுல மருந்த ஊத்திப்போட்டுப் படிங்கறீங்களே" என்று அவள் அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். பால் வெள்ளை, மூன்றாவது வெள்ளை, அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ. பிரிசில்லா வாங்கிக்கொண்டு உரக்கவே படித்தாள்.

"வலது கண். கையால் தேய்க்கக் கூடாது. பத்து நாளைக்குத் தண்ணீர் படக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது, அதாவது அழுகை ஆகாது. குனிந்து குடம் தூக்கக் கூடாது. நேர் வெயிலில் காயப்போடக் கூடாது. இஸ்திரி போடக் கூடாது." "இஸ்திரியா?" என்றார் ராக்கியப்பன். "நாடாவுல எடம் மிச்சம் இருந்துதுங்க" என்றான் வெள்ளிங்கிரி. பதினாலு பச்சைக் குல்லாவில் ஏழெட்டு குலுங்கிச் சிரித்தன. "கீழ இன்னும் பொடி எழுத்துல இருக்கு, இருங்க" என்று பிரிசில்லா நாடாவைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இரண்டாம் மருந்து ஸ்டீராய்டு. ஆறு வாரம் மட்டும். வாரத்துக்கு ஒரு வேளை குறையும். ஆறு வாரம் முடிந்தால் ஒரு சொட்டு கிடையாது. குருந்தாயியே வந்து கேட்டாலும் கிடையாது." நிறுத்தினாள். "யாருங்க இந்தக் குருந்தாயி?"

"எங்க சின்னப்பாட்டி" என்று கோகிலவாணி சொல்லப் போனாள். "ஆடு மேச்சவிய" என்றான் வெள்ளிங்கிரி. "மொதல்ல ஒரு கண்ணுதான் போச்சுன்னு சொன்னா. அடுத்த வாரம் ரெண்டும் போச்சுன்னு சொன்னா. அதுக்கு முன்னயே, இங்க வந்துபோன மூணாவது நாளே முட்டைத் தட்டுல இருந்த பாட்டில எடுத்துட்டுப்போயி லென்ஸு வெச்சுப் பாத்தனுங்க சிஸ்டர். அத்தன பொடி எழுத்து நாங்க லேபிள்லயே போடறதில்ல." "அப்பறம் எதுக்குங்க அத்தன கேட்டீங்க, மருமக எப்பிடி, கெணறு எங்கன்னு?" "நீ சொல்லச் சொல்லக் கேக்கறதுக்கு நல்லா இருந்துது புள்ள. அவிய இல்லீன்னு சொல்லிட்டா, பொறகு நாந்தானே மிச்சம்." சிரிக்கிற குரலில் சொன்னான். அப்போதுதான் அவளுக்குக் கொசு ஞாபகம் வந்தது. மூன்று வாரக் கொசு. பீரோ ஒரு சாண் திறந்து கிடந்தது, வாசல் கதவுக்காக நிரஞ்சனாவைத் திட்டினது, இன்று காலை, இப்போது, சற்றுமுன், கதவச் சாத்துங்க சார். மழைக்காலம் என்று நினைத்தாளே, பதினேழு வெள்ளை தெரிந்தவள்.

"சரி சார், கடைசி ரவுண்டு, என் முன்னாடி நீங்க போட்டுக் காட்டணும், எல்லா அட்டெண்டருக்கும் இதான் ரூல்" என்று பிரிசில்லா விரிய வைக்கும் மருந்தை நீட்டினாள். அவன் போய்க் கை கழுவினான், நெடுநேரம் கழுவினான், திரும்பிவந்து பாட்டிலை வாங்கினான். ஒரு விரல் அவள் கீழிமையில் வந்து உட்கார்ந்தது. ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது. "என்னால ஆகாதுங்க சிஸ்டர், நீங்களே ஊத்திருங்க." "வீட்டுக்கு நான் வர முடியாது சார்." "நான் ஊத்துனதுலதானுங்க..." என்றான். கோகிலவாணி அண்ணாந்தபடியே இருந்தாள். அவன் முகம் எங்கோ மிக அருகில் ஒரு வெளிச்சக் குழப்பமாக இருந்தது, மூக்கு இல்லை, தழும்பு இல்லை, மூச்சு மட்டும் இருந்தது, அடக்கிப் பிடித்த மூச்சு, அதை ஆயிரம் பேருக்கு நடுவில் அவளால் ஷேடு பிரித்துவிட முடியும். என்ன சொல்வது? உங்கமேல தப்பில்லை என்றால் நம்பமாட்டான், சரியாகத்தான் நம்பமாட்டான். "ஏனுங்க மாமா" என்றாள், "ஆஸ்பத்திரீல காக்கா வராதுங்களா?"

ராக்கியப்பன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். இமைமேலிருந்த விரல் ஒரு தடவை அழுந்தி, பிறகு சும்மா இருந்தது. "மேல பாரு" என்றான் வெள்ளிங்கிரி, செருமிக்கொண்டான், "காக்கா போகுது." "எங்கீங்க?" என்று அவள் உண்மையாகவே தேடினாள், விளக்கு வழிகிற அந்த வெள்ளையில், அது எத்தனையாவது வெள்ளை என்று அவளால் சொல்ல முடியாத வெள்ளை, அதில் கறுப்பாக ஏதாவது ஒன்று. விழுந்தது. சில்லென்று, நடுவில்.

"பாஸ்" என்றாள் பிரிசில்லா. எழுப்பிக் கைத்தாங்கலாக உள்கதவுப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். கோகிலவாணி இரண்டடி வைத்துவிட்டு, திரும்பாமலே, "வெளிய போறப்ப அந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க மாமா" என்றாள். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். செருப்பை மாற்றச் சொன்னார்கள், பதினாறு. மெத்தையில் படுக்கச் சொன்னார்கள், இருபத்தெட்டு. பயமாக இருந்தது, முப்பது. முப்பத்தாறில், தூரத்தில், அந்தப் பழைய தள்ளுகதவு தண்டவாளத்தில் மெதுவாக, மிக மெதுவாக, நடுவில் யாருடைய விரலும் இல்லை என்று ஒவ்வோர் அங்குலமும் பார்த்துப் பார்த்து நகர்கிற சத்தம் கேட்டது. டக்கென்று பொருந்திய பிறகுதான் தொண்டையில் கசந்தது.